சனிக்கிழமை மட்டும் அகுனி: வேலூரில் ஒரு நாகா மெஸ்

முதலில் நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். போன மாதம் நான் கூட்டிக்கொண்டு போன இரண்டு நண்பர்களில் ஒருவன் படிக்கட்டு ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, "டேய், நான் கீழே டீ குடிச்சிட்டு நிக்கிறேன்" என்று இறங்கிவிட்டான். அகுனி என்பது புளிக்கவைத்த சோயா பயறு. வேகவைத்து, இலையில் கட்டி, அடுப்புச் சூடு படும் இடத்தில் சில நாள் விட்டால் அது பிசுபிசுவென்று நூல் விட்டு, கருவாட்டுக்கும் பழைய வெல்லத்துக்கும் நடுவே ஒரு வாசனையைப் பிடித்துக்கொள்கிறது. அதை, உப்புக்கண்டம் மாதிரி புகையில் தொங்கவிட்டுக் காயவைத்த பன்றிக் கறியோடு போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். முதல் வாய் உள்ளே போகும்வரை நாற்றம், போன பிறகு மணம். எனக்குப் பழக மூன்று சனிக்கிழமை ஆனது.

கடை காந்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் லாட்ஜ் சந்து ஒன்றில், முதல் மாடியில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கடை நடத்தும் அக்காவே சொல்லிவிட்டார், காரணம் பின்னால் வருகிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகள் தெரிந்தவர்களுக்கு இடத்தின் ஜாடை தெரிந்துவிடும். போர்டெல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும், எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள், ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், நம்ம ஆட்டோக்காரர் வங்காளத்தில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

நான் அந்தப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வருகிறவர்கள் எழுதும் ரிஜிஸ்டரில் 'மாநிலம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒருமுறை டார்ஜிலிங்கிலிருந்து மனைவியை வைத்தியத்துக்கு அழைத்து வந்த பெரியவர் ஒருவர், நான் 'மேற்கு வங்காளம்' என்று நிரப்பியதைப் பேனாவால் மெதுவாக அடித்துவிட்டு 'கூர்க்காலாந்து' என்று எழுதினார். அப்படி ஒரு மாநிலமே கிடையாதே சார் என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார், அவ்வளவுதான். டார்ஜிலிங் மலைக் கூர்க்காக்கள் தனி மாநிலம் கேட்டு 1986இல் பெரிய போராட்டம், 1988இல் ஒரு மலை கவுன்சில், 2012இல் அதற்குப் பதில் இன்னொரு நிர்வாக அமைப்பு என்று கொடுத்துக்கொண்டே போனார்கள், மாநிலம் மட்டும் வரவில்லை. அவர் அதை என் ரிஜிஸ்டரிலாவது ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொண்டார். நான் மறுபடியும் அடித்து ஆதாரில் இருப்பதை எழுதினேன். போலீஸ் வந்து பார்க்கிற நோட்டு, வேறு வழியில்லை. இந்த மெஸ்ஸுக்கு முதன்முதலாகப் போன அன்று அந்த ஞாபகம்தான் வந்தது.

ஏனென்றால் கடையின் முதல் போர்டில் பெயின்டர் 'சைனீஸ் அண்ட் நார்த் ஈஸ்ட்' என்று எழுதிவிட்டாராம். அக்கா முழுப் பணம் கொடுத்துவிட்டு, அதே ஆளை வைத்தே அதை அழிக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது 'நாகா சாப்பாடு' என்று மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் வைத்தியத்துக்காக நாகாலாந்தின் துவென்சாங் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மா குணமாகி ஊருக்குப் போய்விட்டார், மகள் இங்கேயே தங்கிவிட்டார். மார்க்கெட்டில் கற்ற தமிழ், அதனால் வேலூர்த் தமிழ். "இன்னா தம்பி, வந்துகினே இருக்கேன்னு சொல்லிட்டு இப்போ வர்றே" என்று நாகா முகத்தோடு ஒருவர் கேட்கும்போது புது ஆட்கள் சிரித்துவிடுகிறார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை. 'சைனீஸ்' என்றால்தான் கோபம்.

சரி, சாப்பாடு. வாரநாளில் தட்டு 120 ரூபாய்: சோறு, பருப்பு, அவித்த கீரை, ஒரு காய், ஒரு சட்னி. பன்றிக் கறி சேர்த்தால் 220. மூங்கில் குருத்துப் போட்ட பன்றிக் கறிதான் தினசரிக் குழம்பு. அதில் தேங்காயும் கிடையாது, மசாலாப் பொடியும் கிடையாது, தாளிப்பே கிடையாது. முதல் தடவை எனக்கு ஏதோ பாதியில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் பழகிய நாக்கு, எண்ணெய் மிதக்காத குழம்பைக் குழம்பென்று ஒப்புக்கொள்ள நாளாகும். ஆனால் குருத்தின் புளிப்பு கொழுப்புக்குள் இறங்கி, கறித்துண்டைக் கடிக்கும்போது முதலில் புகை, அப்புறம் புளிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு காரம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வருவதை மசாலாவில் நீங்கள் பார்க்க முடியாது. அந்தக் காரம் ராஜா மிர்ச்சா, அவர்கள் ஊர் மிளகாய். சட்னியில் நகக்கண் அளவுதான் இருக்கும். ஆந்திராப் பக்கத்து ஆள், காரத்துக்கெல்லாம் பயப்பட மாட்டேன் என்று வீரம் பேசி ஒரு ஸ்பூன் எடுத்த குடியாத்தத்து நண்பர் இருபது நிமிஷம் தயிரோடு உட்கார்ந்திருந்தார்.

புகைக் கறியும் அகுனியும் திமாப்பூரிலிருந்து ரயிலில் வருகின்றன. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸ் திமாப்பூரைத் தொட்டு, காட்பாடி வழியாகத்தான் போகிறது. வைத்தியத்துக்கு வரும் யாராவது ஒரு குடும்பத்தின் பையில் இரண்டு கிலோ வந்து சேரும். வராத வாரத்தில் சனிக்கிழமை மெனு இல்லை. எரிச்சலாக இருக்கும், போன் செய்துவிட்டுப் போங்கள்.

ஏன் சனிக்கிழமை மட்டும்? கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்தான் காரணம். கடை திறந்த புதிதில் ஒரு நாள் மேலே ஏறிவந்து, "இன்னாம்மா இது, எலி கிலி செத்துக் கிடக்குதா?" என்று கேட்டு, பானையைத் திறந்து காட்டியதும் மயங்காத குறையாக இறங்கிப் போய், மறுநாளே காலி செய்யச் சொல்லிவிட்டாராம். 2007இல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கென்று போட்ட கையேட்டில், மூங்கில் குருத்து, அகுனி போன்ற வாடையுள்ளவற்றை அக்கம்பக்கத்தில் ரகளை வராமல் சமையுங்கள் என்று அறிவுரையே எழுதியிருந்தார்கள். அக்கா அதை எனக்குச் சொன்னபோது நம்பவில்லை, அப்புறம் பார்த்தால் உண்மைதான். வீட்டுக்காரரோடு மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில் சனிக்கிழமை மட்டும், மதியம் மூன்று மணிக்கு மேல், மாடியில் தகரக் கொட்டகை போட்டு அங்கே வைத்து, வாடகையில் 500 ரூபாய் கூட்டி என்று ஒத்துக்கொண்டார்கள். பேப்பரில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அதை அக்கா கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நான் கிண்டலாக "இது என்னக்கா, 371ஏவா?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, ஆனா இதுல வாடகை ஏறும்" என்றார்.

தெரியாதவர்களுக்கு: 371ஏ என்பது அரசியல் சட்டத்தில் நாகாலாந்துக்கென்று இருக்கும் தனிப் பிரிவு. நாகர்களின் மத, சமூக வழக்கங்கள், அவர்களுடைய வழக்குச் சட்டம், நிலமும் அதன் வளங்களும், இவை பற்றி நாடாளுமன்றம் போடும் சட்டம் அந்த மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டால்தான் அங்கே செல்லும். சும்மா வந்ததில்லை. 1929இலேயே நாகா கிளப், வெள்ளைக்கார அரசு அனுப்பிய சைமன் கமிஷனிடம், போகும்போது எங்களை எங்கள் பாட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று மனு கொடுத்தது. 1947 ஆகஸ்ட் 14இல், இந்தியாவுக்கு ஒரு நாள் முன்னால், நாகா தேசிய கவுன்சில் சுதந்திரம் அறிவித்தது. 1951இல் அந்தக் கவுன்சிலின் தலைவர் பிஸோ தலைமையில், சுதந்திரம் வேண்டுமா என்று அவர்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். டெல்லி எதையும் ஏற்கவில்லை. 1958இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. 1960இல் 16 அம்ச ஒப்பந்தம், 1963 டிசம்பர் 1இல் மாநிலம். அப்போதும் ஆயுதத்தோடு காட்டில் இருந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1997இல் சண்டை நிறுத்தம், 2015இல் இன்னொரு ஒப்பந்தம், அதற்கப்புறம் தனிக் கொடி, தனி அரசியல் சட்டம் என்ற இரண்டு சொல்லில் வண்டி நின்றது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பாதி அந்த மெஸ்ஸில் சண்டையாகக் கேட்டது. ஏனென்றால் அங்கே வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரு மிலிட்டரிக்காரர் வருவார், கம்மவான்பேட்டைப் பக்கம். அந்த ஊரை மிலிட்டரிப் பேட்டை என்றே சொல்வோம், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். இவர் 1990களின் கடைசியில் மூன்று வருஷம் நாகாலாந்தில் இருந்தவர். மூங்கில் குருத்தின் சுவை தெரிந்துதான் தேடி வருகிறார், ஆனால் வாயைத் திறந்தால் தேசம்தான். "தனிக் கொடி கேட்டா என்னம்மா அர்த்தம்? ஒரு நாட்டுக்கு ஒரு கொடி. நாளைக்கு ஆளாளுக்குக் கேட்டா?" என்பார். எனக்கு அவர் பேச்சை ஒரேயடியாகத் தள்ளவும் மனசு வராது, கூட இருந்த ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். ஒரு நாள், "மிசோரம் மாதிரி இருக்க வேண்டியதுதானே, எவ்வளவு அமைதியா இருக்காங்க" என்றார்.

பக்கத்து மேசையில் ஒரு மிசோ குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. அக்கா கரண்டியை வைத்துவிட்டார். மிசோரமில் 1959இல் மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சலெல்லாம் போய்ப் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்கென்று தொடங்கிய அமைப்புதான் பிறகு லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966இல் தனி நாடு கேட்டு அவர்கள் கிளர்ந்தபோது, மார்ச் 5இல் இந்திய விமானப்படையே ஐஸ்வால் மேல் குண்டு போட்டது. கிராமங்களைக் காலி செய்து ரோட்டோரம் கொண்டுவந்து குவித்தார்கள். இருபது வருஷம் கழித்து 1986இல் ஒப்பந்தம், 1987 பிப்ரவரியில் மாநிலம், அதே லால்டெங்கா முதலமைச்சர். "அந்த அமைதிக்கு அவங்க கொடுத்த விலை தெரியுமா ஐயா? சண்டை போட்ட ஆளையே கூப்பிட்டு நாற்காலி கொடுத்த பிறகுதான் அமைதி" என்றார் அக்கா. மிலிட்டரிக்காரர், "அதுக்கு அவர் துப்பாக்கியைக் கீழே வச்சாரில்ல" என்றார். இரண்டும் உண்மைதான். நான் சாம்பார் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அக்கா ஒன்று கேட்டார். "மூணு வருஷம் எங்க ஊர்ல இருந்தீங்களே ஐயா, ஒரு நாளாவது ஒரு வீட்டுக்குள்ள உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்களா?" மிலிட்டரிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆர்டர் கிடையாதும்மா" என்றார். அவ்வளவுதான். அக்கா கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதில் அக்காவையும் ஒரு கட்சியில் அடைத்துவிட முடியாது. 2024 ஏப்ரல் 19இல் நமக்கும் நாகாலாந்துக்கும் ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தல். நான் மையை வைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். அவர் ஊர்ப் பக்கம், அதாவது மோன், துவென்சாங், லோங்லெங், கிஃபிரே, நோக்லக், ஷமாதோர் ஆகிய ஆறு மாவட்டத்தில், ஏறக்குறைய 4 லட்சம் வாக்காளர்கள், அன்று அநேகமாக ஒருவர்கூடச் சாவடிக்குப் போகவில்லை. கிழக்கு நாகாலாந்து மக்கள் அமைப்பு 2010இலிருந்து தனி மாநிலம் கேட்டுவந்தது, கோரிக்கை நடக்கும்வரை ஓட்டில்லை என்று அப்போது அழைப்பு. டெல்லிக்கு எதிராக நாகர்கள் சொன்னதையே இவர்கள் மாநிலத் தலைநகர் கோஹிமாவுக்கு எதிராகச் சொல்கிறார்கள்: ரோடெல்லாம் உங்கள் பக்கம், வேலையெல்லாம் உங்கள் பக்கம், எங்களுக்கு என்ன மிச்சம்? நம்ம வேலூரில் 2019இல் பணம் பிடிபட்டுத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5இல் தனியாக நடந்ததைச் சொன்னேன். "உங்க ஊர்ல காசு வந்ததால எலெக்ஷன் நின்னுச்சு, எங்க ஊர்ல எதுவுமே வராததால நின்னுச்சு" என்றார்.

ஆனால் அதே 371ஏயைப் பற்றி அவருக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. 2017இல் நாகாலாந்து நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 33 சதவீத இடம் என்றதும், அது வழக்கத்துக்கு விரோதம் என்று ஆண்கள் தலைமையிலான பழங்குடி அமைப்புகள் எதிர்த்து, கலவரமாகி, தேர்தலே நின்றது. 2024 ஜூனில்தான் இடஒதுக்கீட்டோடு நடந்தது, அதற்கு முந்தையது 2004. மாநிலம் வந்ததிலிருந்து 2023 வரை ஒரு பெண்கூட எம்.எல்.ஏ. ஆனதில்லை, அந்த வருஷம்தான் ஹெக்கானி ஜக்காலு, சல்ஹோதுவோனுவோ க்ரூஸ் என்று இரண்டு பேர் உள்ளே போனார்கள். "நிலம் எங்களுக்குன்னு சட்டத்துல இருக்கு தம்பி. எங்களுக்குன்னா யாருக்கு? அண்ணன் மூணு பேருக்கு. எனக்கு இந்த அடுப்பு" என்று தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார். என் தாத்தா திராவிட நாடு கேட்டுக் கொடி பிடித்தவர். 1962 சீனப் போரும், பிரிவினை பேசுவதைத் தடுக்க மறு வருஷமே வந்த 16ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் சேர்ந்து அந்தக் கோரிக்கையைக் கைவிட வைத்தன. கடைசிவரை மாநில சுயாட்சி என்றுதான் பேசினார், அதைப் பற்றிய ராஜமன்னார் குழு அறிக்கையை ராமாயணம் மாதிரி வைத்திருந்தார். அவருக்கு இந்த அக்காவைக் காட்டியிருக்க வேண்டும், நல்ல வாதம் நடந்திருக்கும்.

மெனுவில் நான் சிபாரிசு செய்வது இன்னொன்று. கல்ஹோ என்று ஒரு கஞ்சி. அரிசி, கீரை, கொஞ்சம் புகைக் கறி எல்லாம் குழைய வேகவைத்தது. நோயாளிகளுக்கென்று காரமில்லாமலும் செய்து தருவார். புதன்கிழமைகளில் அதை அரிசிக்குப் பதில் சாமையில் செய்கிறார், அது ஜவ்வாது மலைச் சாமை. ஒடுகத்தூர்ப் பக்கம் பீஞ்சமந்தையிலிருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறை கொண்டுவந்து தருகிறார், கூடவே தேனும் புளியும். அந்த அம்மாவிடம் அக்கா ஒரு நாள், உங்கள் மலையில் நிலத்துக்கு யார் பொறுப்பு, ஊர்ச் சபையா, கவுன்சிலா என்று சாதாரணமாகக் கேட்டார். "பாரஸ்ட்காரங்கதான்" என்றார் அந்த அம்மா. அக்காவுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். அஸ்ஸாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் நான்கிலும் பழங்குடிப் பகுதிகளுக்கென்று அரசியல் சட்டத்தின் ஆறாம் அட்டவணைப்படி பத்து தன்னாட்சிக் கவுன்சில்கள் இருக்கின்றன. ஜார்கண்ட், ஒடிசா பக்கமெல்லாம் பழங்குடிகளுக்குத் தனிப் பாதுகாப்புள்ள ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றும் கிடையாது, ஒரு ஊராட்சிகூட ஐந்தாம் அட்டவணையில் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது, பட்டா கேட்டு அலைந்தவர்களைக் கேட்டால் கதை சொல்வார்கள். 2023 மே மாதம் இதே அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாளே, ரோடு இல்லாமல். டெல்லியிடம் மாநில உரிமை கேட்கும்போது நமக்கு வரும் கோபம், மலையிலிருந்து நம்மைப் பார்த்து யாராவது கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த அம்மா கேட்கவில்லை. சாமைக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டார், அக்கா பேரம் பேசாமல் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. பருப்பு தண்ணீர், பல தடவை சொல்லியாயிற்று. மேசை ஆறுதான், இரண்டு ஆடும். கூட்டமான நாளில் நாற்பது நிமிஷம் காத்திருக்க வைக்கிறார்கள், காத்திருக்கும்போது விசிறி உங்கள் பக்கம் திரும்பாது. ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விடுவார்கள், கடை இல்லை. சைவம் கேட்டால் கிடைக்கும், ஆனால் அடுப்பு ஒன்றுதான், அதில் விரதக்காரர்கள் ஏமாற வேண்டாம். காரத்துக்கு மோர் கேட்டால் தனிக் காசு, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், சனிக்கிழமைக்கு மட்டும் நாலரை.

போன சனிக்கிழமை மிலிட்டரிக்காரர் முதன்முறையாக அகுனிக் கறியைப் பார்சல் கேட்டார், வீட்டில் அம்மணிக்குக் காட்ட வேண்டுமாம். பார்சல் கூடாது என்பது கண்ணாடிக்குள் மாட்டிய அந்தப் பேப்பரில் ஆறாவது வரி, சந்தெல்லாம் வாடை பரவும் என்று வீட்டுக்காரர் எழுதவைத்தது. அக்கா படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று கவர் போட்டு, அதன் மேல் ஒரு தினத்தாளைச் சுற்றி, துணிப்பைக்குள் திணித்துக் கொடுத்தார். கம்மவான்பேட்டை டவுன் பஸ் ஆறரைக்கு. நடுவழியில் இறக்கிவிட்டார்களா என்று இந்த வாரம் வந்தால் கேட்க வேண்டும்.